மார்கழிக் கச்சேரிகளுக்குப் பட்டியல் போடுவது எப்படி? மதியத்திலிருந்து ஆரம்பியுங்கள்

நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் போதும், தெரிந்தவர்கள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "இந்த வருஷம் சீசனுக்குப் போலாம்னு இருக்கேன். யார் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கலாம்?" எனக்கு இந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. சென்னையின் டிசம்பர் கர்நாடக இசை சீசனில் "யார்" என்பது மூன்றாவது கேள்வி. முதலில் எத்தனை மணிக்கு, அப்புறம் எந்த வட்டாரத்தில், அதற்குப் பிறகுதான் யார். பெயரிலிருந்து ஆரம்பித்தவர்கள் மூன்று மாலைக் கச்சேரி கேட்பார்கள், நாலு மணி நேரம் டிராஃபிக்கில் உட்காருவார்கள், "கூட்டம் தாங்கல" என்று சொல்லி அடுத்த வருஷம் வரமாட்டார்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கும், போய் அலுத்துத் திரும்பியவர்களுக்கும் சேர்த்து, நான் பட்டியல் போடும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலண்டரை எடுங்கள்

மார்கழி என்பது டிசம்பர் 16 வாக்கில் தொடங்கிப் பொங்கலுக்கு முன்னால் முடிகிற மாதம். சீசன் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. நவம்பர் பாதியிலேயே சில சபாக்கள், அதாவது கச்சேரி நடத்தும் அமைப்புகள், மேடை போட்டுவிடும். நடனம், நாடகம் என்று ஜனவரி பாதி வரை இழுக்கும். நடுவில் கெட்டியான பகுதி மியூசிக் அகாடமியின் விழா நாட்கள்: டிசம்பர் 15-இல் தொடங்கி, ஜனவரி 1-ஆம் தேதி சங்கீத கலாநிதி விருது வழங்கும் சதஸோடு முடியும். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1928-இல் அகாடமி பிறந்தது. அன்றைக்கு டிசம்பரில் ஆரம்பித்த பழக்கம், கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை, வெயிலும் குறைவு என்று எல்லாம் சேர்ந்து அப்படியே நிலைத்துவிட்டது.

உங்களுக்கு எத்தனை நாள் கிடைக்கும் என்று பாருங்கள். வெளியூரிலிருந்து வருபவர் என்றால் டிசம்பர் 20 முதல் 30-க்குள் நாலு நாள் போதும். உள்ளூர்க்காரர் என்றால் தொடர்ந்து போகாதீர்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போங்கள். தினமும் மூன்று கச்சேரி கேட்டால் ஐந்தாம் நாள் தோடி ராகமும் பைரவி ராகமும் காதில் ஒன்றாகிவிடும். கல்யாணத்தில் தொடர்ந்து மூன்று வேளை சாப்பிட்டவன் பாயசத்தைத் தள்ளி வைப்பது மாதிரிதான்.

அட்டவணையை எங்கே பிடிப்பது

இணையத்தில் தேடினால் பாதி கிடைக்கும். பெரிய சபாக்கள் தங்கள் தளத்தில் முழு நிகழ்ச்சி நிரலையும் போட்டுவிடுகின்றன. நாளிதழ்கள் சீசனுக்கென்று தனி இணைப்பு கொடுக்கும், தினசரி "இன்றைய நிகழ்ச்சி" பத்தியும் வரும். சின்ன சபாக்களின் விவரம்தான் கஷ்டம். அதற்குப் பழைய வழியே நல்ல வழி: மயிலாப்பூரில் ஒரு நடை நடந்து வாருங்கள். லஸ்ஸிலிருந்து மாட வீதிகள் வரை அரங்க வாசல்களில் பேனர் தொங்கும், உள்ளே மேஜைமேல் மடித்த நோட்டீஸ் அடுக்கியிருக்கும். எது கிடைத்தாலும் ஒன்று எடுத்துப் பையில் போடுங்கள். கலைஞர்களைச் சமூக ஊடகத்தில் பின்தொடர்ந்தால், அவரவர் தங்கள் டிசம்பர் கச்சேரிகளை ஒரே படத்தில் போட்டுவிடுவார்கள். அது மிகவும் உதவும்.

அன்று காலையில் மறுபடி ஒருமுறை சரிபார்க்காமல் கிளம்பாதீர்கள். ஒரு வருஷம் ஒரு சபாவுக்கு (பெயர் வேண்டாம்) ஒரு வீணைக் கச்சேரிக்காக நங்கநல்லூரிலிருந்து இரண்டு வண்டி மாறிப் போனேன். மேடையில் ஹரிகதை நடந்துகொண்டிருந்தது. வாசலில் இருந்தவரைக் கேட்டால், "மாத்திட்டோமே சார், போர்டுல போட்டிருக்கே" என்றார். போர்டு அரங்கத்துக்கு உள்ளே இருந்தது. டிசம்பரில் பாடகர்களுக்குத் தொண்டை கட்டுவதும், கடைசி நேரத்தில் ஆள் மாறுவதும் சகஜம். இரண்டு நிமிடப் போன் அழைப்பு இரண்டு மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும்.

வட்டாரம் பிரியுங்கள்

கையில் உள்ள நிகழ்ச்சிகளைத் தேதி வாரியாக எழுதாமல் வட்டாரம் வாரியாக எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வட்டாரம். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் பாதி அலைச்சல் குறைந்துவிடும்.

மயிலாப்பூர்தான் கருவறை. கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், சுந்தரேஸ்வரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா, லஸ் பக்கம் ராகசுதா ஹால், அங்கிருந்து சற்றுத் தள்ளி மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ். எல்லாம் நடந்தே போகலாம். பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினால் போதும். காரை எடுத்து வராதீர்கள். மெட்ரோ வேலைகள் முடியும்வரை லஸ் முனையில் எந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்தது டி.டி.கே. சாலை. ஒரு முனையில் மியூசிக் அகாடமி, அதே சாலையில் கீழே போனால் நாரத கான சபா. இரண்டுக்கும் நடுவே நடந்துவிடலாம். அந்த நேரத்தில் ஆட்டோவைவிட நடைதான் வேகம். தி.நகர் தனி உலகம்: ஜி.என். செட்டி சாலையில் வாணி மகால், மகாராஜபுரம் சந்தானம் சாலையில் கிருஷ்ண கான சபா. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் ரங்கநாதன் தெருக் கூட்டத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும், அதற்குக் கூடுதலாக இருபது நிமிடம் வையுங்கள்.

பலரும் விட்டுவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது: பாரிமுனை அருகே ராஜா அண்ணாமலை மன்றம். 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கேதான் நடக்கும். தெலுங்குக் கிருதிகளே (பாட்டுகளே) மேடையை நிறைத்திருந்த காலத்தில், தமிழ்நாட்டில் தமிழ்ப் பாட்டுக்கு மேடை வேண்டும் என்று எழுந்த இயக்கத்தின் பிள்ளை அது. பாட்டின் வார்த்தை புரிந்தால்தான் இசை பிடிக்கும் என்பவர்கள் சீசனை இங்கிருந்து ஆரம்பிக்கலாம். காலையில் தேவாரப் பண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டமும் நடக்கும். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடக்கும் தூரம்.

திருவான்மியூர் கலாக்ஷேத்திராவைத் தனி நாளாக வையுங்கள். ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய நிறுவனம். மரங்களுக்கு நடுவே நடந்து அரங்கத்துக்குப் போகும்போதே மனசு இறங்கிவிடும். அந்த நாளில் வேறு எதையும் செருகாதீர்கள்.

மதியம்

இப்போது மணிக் கணக்கு. சீசன் நாளில் பொதுவாக நாலைந்து அடுக்குகள் இருக்கும். காலை 8 மணி வாக்கில் விளக்க உரைகள், பகல் 12, பிற்பகல் 2, மாலை 4, அப்புறம் 6:30 அல்லது 7-க்கு அன்றைய பெரிய கச்சேரி. சபாவுக்குச் சபா அரை மணி முன்னே பின்னே இருக்கும். மாலை 4-க்கும் 7-க்கும் டிக்கெட். பகல் கச்சேரிகளுக்குப் பெரும்பாலான இடங்களில் டிக்கெட்டே கிடையாது. நேராக உள்ளே போய் முதல் வரிசையில் உட்காரலாம்.

இலவசம் என்பதால் இதைச் சொல்லவில்லை. மதியம் 2 மணிக்கு மேடையில் இருப்பவருக்கு வயது இருபதோ இருபத்தைந்தோ இருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக ஆறு மாதம் பயிற்சி செய்திருப்பார். பெரிய வித்வானுக்கு அது சீசனில் எத்தனையோ கச்சேரிகளில் ஒன்று. மதியம் பாடும் இந்த இளைஞருக்கு இந்தச் சீசனில் இது ஒன்றுதான்.

ஒரு சின்ன ஹாலில் பார்த்த காட்சி. கேட்கிறவர்கள் பதினேழு பேர், எண்ணிப் பார்த்தேன். ஃபேன் சத்தம், எலக்ட்ரானிக் தம்புரா சத்தம். முன்வரிசையில் சிவப்புக் கரை வேட்டியில் ஒரு பெரியவர், பாடுகிற பெண்ணின் குரு என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் மடியில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். அவள் கரகரப்பிரியா ராகத்தில் ஸ்வரம் பாடி, ஒரு கணக்கை முடிக்கப் போகும் இடத்தில், அவர் கை நின்றுவிட்டது. மூச்சும் நின்றிருக்கும். சரியாக வந்து விழுந்ததும் அவர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த மாமி கண்ணைத் திறந்து "பேஷ்" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். ஆயிரம் பேர் உட்காரும் பெரிய அரங்கத்தில் இது கண்ணில் படாது.

அதனால் என் கணக்கு இதுதான்: ஒரு நாளைக்கு மதியத்தில் ஒன்று, 4 மணிக்கு ஒன்று. முழுச் சீசனுக்கும் சேர்த்து இரண்டே இரண்டு 7 மணிக் கச்சேரி. அந்த இரண்டுக்கு மட்டும் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

டிக்கெட்

பெரிய சபாக்களில் சீசன் டிக்கெட் முதலில் போகும், மீதிதான் தினசரி டிக்கெட்டாக வரும். இணையத்தில் திறந்த சிறிது நேரத்திலேயே புகழ்பெற்ற பெயர்கள் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். அதே கலைஞர் அதே மாதத்தில் இன்னும் ஐந்தாறு மேடையில் பாடுவார், அதில் ஒன்றிரண்டு சின்ன ஹாலாக இருக்கும், பத்தில் ஒரு பங்கு விலையில் பத்தடி தூரத்தில் உட்காரலாம். சபாக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் பாடகர்களும் அங்கேதான் இளைப்பாறிப் பாடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

எங்கே உட்காருவது

மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் வழக்கமாக உங்களுக்கு இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின். மிருதங்கத்தின் வலந்தலை (வலக்கை வாசிக்கும் முகம்) சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இடக்கை வாசிப்பவர் என்றால் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளை அப்படி வாசித்த மேதை. தாளத்தில் ஆசை உள்ளவர்கள் மிருதங்கத்தின் பக்கம் உட்காருங்கள், விரல்கள் தெரியும். ஸ்பீக்கருக்கு நேராக மட்டும் உட்காராதீர்கள். நம் சபாக்களின் மைக் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். பெரிய அரங்கம் என்றால் கீழே நடுவில் பத்தாவது வரிசைக்குப் பின்னால், அல்லது பால்கனியின் முன்வரிசை. சால்வை ஒன்று எடுத்துப் போங்கள், ஏ.சி. கொல்லும்.

உள்ளே என்ன நடக்கிறது

ராகம் தெரியாதே என்று தயங்குபவர்கள்தான் அதிகம். கச்சேரி எந்த வரிசையில் ஓடும் என்று தெரிந்தால் போதும், ராகம் தானாக வரும். இன்றைய கச்சேரியின் அமைப்பை உருவாக்கியவர் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். முதலில் வர்ணம், இது கையைக் காலை உதறிக்கொள்வது மாதிரி. பிறகு விறுவிறுப்பாக ஒன்றிரண்டு கிருதிகள். அப்புறம் வேகம் குறையும், வார்த்தை இல்லாமல் ராகத்தை மட்டும் இழைத்துப் பாடுவார்கள், அதுதான் ஆலாபனை. பத்து நிமிடத்துக்கு மேல் ஆலாபனை போனால் கச்சேரியின் மெயின் வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்காருங்கள். ஒரே வரியைத் திருப்பித் திருப்பி வேறு வேறு விதமாகப் பாடினால் அது நிரவல். ச ரி க ம என்று பொழிந்தால் கல்பனாஸ்வரம். இவை அந்தந்த நேரத்துக் கற்பனை. நேற்று பாடியது இன்று வராது.

தாளம் போடக் கற்றுக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. ஆதி தாளம் ஒன்று போதும், பாதிக் கச்சேரிக்கு மேல் அதுதான். உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள். நாலு ஆயிற்றா? இப்போது ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. எட்டு. திரும்ப முதலிலிருந்து. பாட்டு தட்டோடு தொடங்காமல் சற்றுத் தள்ளி எடுத்தால் பயப்படாதீர்கள், உங்கள் எண்ணிக்கை தப்பில்லை, அந்தப் பாட்டின் எடுப்பு அப்படி. தொலைத்துவிட்டால் பக்கத்து இருக்கைப் பெரியவரின் கையைப் பாருங்கள். நான் அப்படித்தான் கற்றேன். யாரும் கோபித்ததில்லை.

மெயின் பாட்டு முடியும் தறுவாயில் பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைப்பார். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். அந்த நொடியில் அரங்கத்தில் பாதிப்பேர் எழுந்து கேன்டீனுக்கும் கழிப்பறைக்கும் போவார்கள். சென்னை ரசிகர்களின் நூறு வருஷத்துப் பாவம் இது. நீங்கள் உட்காருங்கள். தாளத்தை விடாமல் போடுங்கள். மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ மாறி மாறிப் பேசிக்கொண்டு, பரிமாற்றம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் இரண்டும் சேர்ந்து ஒரு கோர்வையை (கணக்கிட்டுக் கோத்த தாளச் சொற்கட்டை) மூன்று முறை அடித்துப் பாட்டின் எடுப்பில் வந்து நிற்கும். உங்கள் கையும் அதே இடத்தில் நின்றால், அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இத்தனை பேர் வருஷா வருஷம் வருகிறார்கள்.

தனிக்குப் பிறகு துக்கடாக்கள், அதாவது சின்னச் சின்னப் பாட்டுகள்: விருத்தம், திருப்புகழ், பதம், தில்லானா. தமிழ்ப் பாட்டு இங்கேதான் அதிகம் வரும். மங்களம் பாடினால் முடிந்தது.

நடுவில் வெளியே போக வேண்டுமென்றால் பாட்டு முடிந்து கைதட்டும்போது போங்கள். போனில் பதிவு செய்வதைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. சின்ன ஹாலில் யாரும் தடுக்காவிட்டாலும் வேண்டாம். ஒரு சின்ன நோட்டில் பாட்டின் முதல் இரண்டு சொற்களை மட்டும் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து தேடினால் ராகம், தாளம், எழுதியவர் எல்லாம் கிடைக்கும். ஒரு சீசனில் முப்பது பாட்டு எழுதினால் அதில் பத்து ராகம் திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். அடுத்த வருஷம் அந்தப் பத்தும் உங்களுக்குத் தெரிந்த முகங்கள்.

கேன்டீன்

சீசனுக்கு வந்துவிட்டு கேன்டீன் போகாமல் இருக்க முடியாது. சமையல் கான்ட்ராக்டர்கள் பந்தல் போட்டு இறங்குவார்கள். டிக்கெட் இல்லாதவர்களும் பெரும்பாலான இடங்களில் சாப்பிடலாம். பன்னிரண்டரைக்குப் போனால் இலைச் சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டி வரும், பதினொன்றரைக்குப் போங்கள். சாயங்காலம் 4 மணிக் கச்சேரியும் 7 மணிக் கச்சேரியும் சந்திக்கிற அரை மணி நேரத்தில் காபிக்கு நிற்பது வீண். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு 2 மணிக் கச்சேரிக்குப் போனால் என்ன ஆகும் என்று மேலே சொன்ன மாமியைக் கேளுங்கள்.

ஒரு நாள், மாதிரிக்கு

மயிலாப்பூர் நாள் என்று வைத்துக்கொள்வோம். முடிந்தால் விடியற்காலை ஐந்தரைக்கே கபாலீசுவரர் கோயில் பக்கம் வந்துவிடுங்கள். மாட வீதிகளில் மார்கழி பஜனை போகும். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் இந்த வீதிகளில் முன்னால் நடந்து பாடிய வழக்கம், இன்றும் தொடர்கிறது. கோலங்களை மிதிக்காமல் கூடவே நடக்கலாம், பாடத் தெரியாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அப்புறம் டிபன். வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம். மதியம் 2-க்குச் சின்ன ஹால், 4-க்கு நடக்கும் தூரத்தில் இன்னொன்று. ஏழு மணிக்கு வீட்டில் இருங்கள்.

நடனம் பிடித்தவர்களுக்கு இரண்டு குறிப்பு. டிசம்பர் கடைசியில் கிருஷ்ண கான சபா நடத்தும் நாட்டியக் கலை மாநாட்டின் காலை அமர்வுகளில், ஆடுபவர்களே ஆடிக்காட்டி விளக்குவார்கள். ஜனவரி 3 வாக்கில் மியூசிக் அகாடமியின் நடன விழா ஆரம்பமாகும்.

சபாவுக்கு வெளியே

மார்கழி என்றால் சபா மட்டும் என்று நினைத்தால் பாதி ஊரை விட்டுவிடுவீர்கள். சபா மேடைகள் யாருக்குக் கிடைக்கின்றன, யாருக்குக் கிடைப்பதில்லை என்ற கேள்வி பழையது, நியாயமானது. 2020-இல் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' அதற்கு ஒரு பதில்: கானா, ஒப்பாரி, பறை எல்லாம் அதே மாதத்தில் மேடை ஏறின. இதன் அறிவிப்பு அவர்களுடைய சமூக ஊடகப் பக்கங்களில் முதலில் வரும். பட்டியலில் இதற்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். சபா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பழக்கப்பட்டவர்களுக்கு இங்கே முதல் பத்து நிமிடம் கை என்ன செய்வதென்று தெரியாது, அப்புறம் சரியாகிவிடும்.

பொங்கல் நாட்களில் அரசின் 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா'. 2007-இல் தொடங்கி, நடுவில் நின்று, 2023-இல் திரும்ப வந்தது. பூங்காக்களிலும் கடற்கரையிலும் மைதானங்களிலும் கரகம், ஒயிலாட்டம், தேவராட்டம், தெருக்கூத்து; எல்லாமே இலவசம். வெளியூரிலிருந்து வந்த கலைஞர்களை இவ்வளவு பக்கத்தில் பார்க்கச் சென்னையில் வேறு சந்தர்ப்பம் அரிது. வீட்டுக்கு அருகில் எந்த மைதானம் என்று மட்டும் பார்த்துக்கொண்டு ஆறு மணிக்குப் போங்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு.

இவ்வளவும் முடிந்து இன்னும் ஆசை தீரவில்லையென்றால் திருவையாறு இருக்கிறது. பாடலாசிரியர் தியாகராஜரின் நினைவு விழாவான தியாகராஜ ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியன்று (புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள்), பெரும்பாலும் ஜனவரியில் வரும். சென்னையிலிருந்து இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தஞ்சாவூர், அங்கிருந்து பஸ்ஸில் 13 கிலோமீட்டர். காலை 9 மணி வாக்கில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்திலும் பஞ்சரத்தினக் கிருதிகளை எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். ஆராதனையில் பெண்கள் பாட வழி இல்லாத காலத்தில் அதற்காகப் போராடி, அங்கே சமாதிக் கோயிலையும் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். அவர் நினைவிடமும் எதிரிலேயே இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள். ரயில் டிக்கெட்டை மட்டும் இப்போதே போட்டுவிடுங்கள். அந்த வாரம் பொங்கல் கூட்டத்தோடு சேர்ந்து வந்துவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட்தான்.